ரேடியோ கன்ட்ரோல் போர்க்கப்பல் மாடல்: கிட்டைப் பிரிப்பதிலிருந்து தண்ணீரில் விடும் வரை

கிட் பெட்டியைத் திறந்ததும் புதியவர்கள் பெரும்பாலும் முதலில் கையில் எடுப்பது பீரங்கிகளைத்தான். சின்னதாக, அழகாக, ஒரே மாலையில் முடித்துவிடலாம் போலத் தெரியும். ஷாஃப்ட் (மோட்டாரையும் புரொப்பெல்லரையும் இணைக்கும் தண்டு) கோணலாக ஒட்டிய கப்பலை எந்தப் பீரங்கியும் நேராக ஓட வைக்காது. முதலில் மிதக்க வேண்டும், பிறகு ஓட வேண்டும், அதற்கும் பிறகுதான் போர்க்கப்பல் மாதிரித் தெரிய வேண்டும். கீழே உள்ள வரிசை முழுக்க இதை வைத்துத்தான் போகிறது.

ஃபைபர்கிளாஸ் ஹல் (கப்பலின் அடி உடல்), பிளாஸ்டிக் தகட்டில் செய்யும் மேற்கட்டு (தளத்துக்கு மேலே உள்ள கட்டுமானம்), ரெசினிலோ வெள்ளை உலோகத்திலோ வார்த்த உதிரிகள் என்று வரும் வழக்கமான கிட்டைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். உதாரணக் கப்பல் இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ஃபிளெட்சர் வகை டிஸ்ட்ராயர். வேறு கப்பல் என்றால் எண்கள் மாறும், படிகள் மாறாது.

1. வாங்கும் முன் எடைக் கணக்கு

நிஜக் கப்பலின் நீளத்தை அளவு விகிதத்தால் ஒரு முறை வகுக்க வேண்டும். எடையை மூன்று முறை வகுக்க வேண்டும். ஃபிளெட்சரின் நீளம் சுமார் 114.8 மீட்டர், முழுச் சுமையோடு எடை ஏறக்குறைய 2,500 டன். 1/96 அளவில் அது 1.2 மீட்டர் நீளம், 2.8 கிலோ எடை. 1/144 அளவில் 80 செ.மீ., 840 கிராம். 1/200 அளவில் 57 செ.மீ., வெறும் 310 கிராம்.

ஹல், மோட்டார், பாட்டரி, ரேடியோ, பசை, பெயிண்ட் எல்லாம் இந்த எடைக்குள் அடங்க வேண்டும். கடைசியில், கப்பல் சரியாக மிதக்க அடியில் வைக்கும் ஈயத்துக்கும் கொஞ்சம் மிச்சம் வேண்டும். 'முதல் கப்பல்தானே, சின்னதாகத் தொடங்கலாம்' என்று 1/200 வாங்குகிறவர்தான் அதிகம் திண்டாடுகிறார். பாட்டரியைக்கூட கிராம் பார்த்து வாங்க வேண்டியிருக்கும்.

என்னைக் கேட்டால் முதல் கப்பலுக்கு டிஸ்ட்ராயரைவிட 1/72 அளவு ஃபிளவர் வகை கார்வெட் (சின்னக் காவல் கப்பல்) நல்லது. நீளம் 87 செ.மீ., அகலம் 14 செ.மீ., எடை சுமார் 2.5 கிலோ. நீளத்துக்கு அகலம் அதிகம் என்பதால் சாயாமல் நிற்கும். நிஜக் கப்பலுக்கே ஒரே புரொப்பெல்லர்தான், அதனால் ஷாஃப்ட் வேலை பாதியாகிவிடும். டிஸ்ட்ராயர்தான் வேண்டும் என்று மனது அடம்பிடித்தால் 1/96-க்குக் கீழே போக வேண்டாம்.

கிட்டில் என்னவெல்லாம் வராது என்பதையும் வாங்கும்போதே பாருங்கள். மோட்டார், ரேடியோ, பாட்டரி, பெயிண்ட் பெரும்பாலும் வராது. ஷாஃப்டும் புரொப்பெல்லரும்கூடச் சில கிட்களில் தனியாகத்தான் வாங்க வேண்டும்.

2. மேசையில் இருக்க வேண்டியவை

கை டிரில், அரங்கள், 80, 240, 400, 800 எண் உப்புத்தாள், ரசமட்டம், கத்தி, ஸ்டீல் ஸ்கேல், கிராம் காட்டும் தராசு. தராசைப் பலர் அநாவசியம் என்று நினைக்கிறார்கள். ஒவ்வொரு பாகத்தையும் ஒட்டும் முன் எடை போட்டு ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். ஏழாவது படியில் அந்த நோட்டுதான் கைகொடுக்கும்.

பசையில்தான் அதிகத் தவறு நடக்கிறது. பிளாஸ்டிக் மாடல்களுக்கான திரவ சிமென்ட், பிளாஸ்டிக்கைக் கரைத்து இணைக்கும் பசை. ஃபைபர்கிளாஸை அது கரைக்காது, ஆகவே பிடிக்காது. ஹல்லோடு எதை ஒட்டினாலும் எப்பாக்ஸிதான் (இரண்டு திரவங்களைக் கலந்து பூசும் பசை). பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் என்றால் திரவ சிமென்ட். ரெசின், பித்தளை, வெள்ளை உலோகச் சின்ன உதிரிகளுக்கு சூப்பர் க்ளூ. ஆனால் கண்ணாடி போன்ற ஜன்னல் துண்டுகளுக்குப் பக்கத்தில் சூப்பர் க்ளூ வேண்டாம். அதன் ஆவி பட்டால் ஜன்னல் வெண்படலம் பூத்துவிடும்.

ஃபைபர்கிளாஸ் தூசி நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் தொட்டே தேய்த்தால் தூசி பறக்காது. அப்படியும் முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

3. முதலில் ஸ்டாண்டு

ஹல்லைத் தொடும் முன் அதற்கு ஒரு ஸ்டாண்டு செய்யுங்கள். கிட்டின் வரைபடத்தில் உள்ள குறுக்கு வெட்டு வடிவங்களில் இரண்டை மரப்பலகையில் வெட்டி, விளிம்புக்கு நுரை ஒட்டி, இரண்டையும் கட்டைகளால் இணைத்தால் போதும்.

ஸ்டாண்டில் வைத்த ஹல் இடவலமாகவும் முன்பின்னாகவும் மட்டமாக இருக்க வேண்டும், ஒவ்வொரு முறை எடுத்து வைக்கும்போதும் அதே இடத்தில் உட்கார வேண்டும். ஷாஃப்ட், சுக்கான், நீர்க்கோடு (மிதக்கும் கப்பலில் தண்ணீர் தொடும் மட்டம்) எல்லாவற்றையும் இந்த மட்டத்தை நம்பித்தான் அளக்கப்போகிறோம். மடியில் வைத்து வேலை செய்த ஹல்லில் சுக்கான் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம்.

4. ஹல்லைக் கழுவித் தேய்ப்பது

புது ஃபைபர்கிளாஸ் ஹல்லின் மேல் அச்சிலிருந்து வந்த மெழுகு ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, பெயிண்ட் அடித்த பிறகுதான், டேப்போடு சேர்ந்து தோலாக உரியும்போது தெரியும். பாத்திரம் கழுவும் திரவமும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டு, நாருள்ள பஞ்சால் உள்ளும் புறமும் கழுவுங்கள்.

கழுவிய பிறகுதான் உப்புத்தாள். முதலில் தேய்த்தால் மெழுகைக் கீறல்களுக்குள் அழுத்திவிடுவோம், பிறகு எடுப்பது கஷ்டம். 240-இல் தொடங்கி 400-இல் முடியுங்கள். பளபளப்பு முழுதாகப் போய், தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக நிற்காமல் ஒரே படலமாகப் பரவ வேண்டும். உள்பக்கம் எப்பாக்ஸி படப்போகும் இடங்களை 80 எண் தாளால் சொரசொரப்பாக்கிவிடுங்கள்.

சின்னக் காற்றுக்குமிழிக் குழிகள் இருந்தால் எப்பாக்ஸி பட்டி வைத்து அடைத்துத் தேய்க்கலாம். அச்சின் நடுக்கோட்டுத் தையலை அரத்தால் தட்டையாக்குங்கள்.

5. ஷாஃப்டும் சுக்கானும்

அவசரப்படக் கூடாத இடம் இது. இங்கே அரை மி.மீ. தவறினால் கப்பல் வாழ்நாள் முழுதும் அதிரும், சத்தம் போடும், பாட்டரியைக் குடிக்கும்.

நடுக்கோட்டை மாஸ்க்கிங் டேப் ஒட்டிப் பென்சிலால் வரையுங்கள். ஷாஃப்ட் குழாய் வெளிவரும் இடத்தை இரு பக்கமும் நடுக்கோட்டிலிருந்து அளந்து குறியுங்கள். சின்னத் துளை போட்டு, உருண்டை அரத்தால் பின்னோக்கி நீள்வட்டமாக அகட்டுங்கள். துளை குழாயைவிடக் கொஞ்சம் தளர்வாக இருப்பது நல்லது. இறுக்கமான துளை குழாயைத் தன் கோணத்துக்கு வளைத்துவிடும்; தளர்வானதில் கோணத்தை நாம் முடிவு செய்யலாம், இடைவெளியை எப்பாக்ஸி நிரப்பிக்கொள்ளும்.

ஷாஃப்டின் வெளிமுனையைத் தாங்கும் 'ஏ' வடிவ பிராக்கெட்டையும் மோட்டார் மேடையையும் ஷாஃப்டோடு சேர்த்து ஒரே நேரத்தில் பொருத்த வேண்டும். மோட்டார் அச்சையும் ஷாஃப்டையும் ஒரு நேரான பித்தளைக் குழாய்த் துண்டால் விறைப்பாக இணையுங்கள். இப்போது மோட்டார், ஷாஃப்ட், பிராக்கெட் மூன்றும் ஒரே கோட்டில்தான் நிற்க முடியும். இந்த நிலையில் 5 நிமிட எப்பாக்ஸியால் அங்கங்கே பொட்டு வைத்துப் பிடிக்க வையுங்கள். கையால் ஷாஃப்டைச் சுழற்றிப் பாருங்கள்: முழுச் சுற்றும் ஒரே இலகுவாகப் போக வேண்டும். ஓரிடத்தில் கனத்தால் பொட்டுகளை உடைத்து மறுபடி வையுங்கள். சரி என்றானதும் மெதுவாகக் காயும் எப்பாக்ஸியை நிரப்பி ஒரு நாள் விடுங்கள். அப்புறம்தான் பித்தளைத் துண்டை எடுத்துவிட்டு யுனிவர்சல் கப்ளிங்கை மாட்ட வேண்டும்.

யுனிவர்சல் கப்ளிங் இருக்கிறதே, கோணல் இருந்தால் அது சமாளித்துக்கொள்ளும் என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. அது ஓடும், ஆனால் கடகடவென்று ஓடும்.

குழாயின் உள்முனை முடிந்தால் நீர்க்கோட்டுக்கு மேலே வர வேண்டும். டிஸ்ட்ராயரில் இது பெரும்பாலும் நடக்காது. அப்போது குழாயின் நடுவில் மேல்நோக்கி ஒரு சின்னப் பித்தளைக் குழாயைப் பற்றவைத்து, அதன் வழியே கிரீஸ் நிரப்புங்கள். தண்ணீர் உள்ளே வராமல் நிறுத்துவது அந்த கிரீஸ்தான். குழாயைச் சூடாக்கும் வேலை என்பதால், ஹல்லில் ஒட்டும் முன்பே இதை முடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு புரொப்பெல்லர் உள்ள கப்பலில் அவை எதிரெதிர்த் திசையில் சுற்ற வேண்டும். முன்னே போகும்போது, பின்னாலிருந்து பார்த்தால் வலப்பக்கத்தது கடிகாரத் திசையில், இடப்பக்கத்தது எதிர்த்திசையில். இரண்டும் ஒரே பக்கம் சுற்றினால் கப்பல் எப்போதும் ஒரு பக்கமே இழுக்கும். இடமுறி, வலமுறி புரொப்பெல்லர்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மாட்டும் முன் டேப் ஒட்டிப் பெயர் எழுதிவையுங்கள்.

சுக்கான் குழாயின் மேல்முனையும் நீர்க்கோட்டுக்கு மேலே இருக்கட்டும். ஃபிளெட்சருக்கு இரண்டு புரொப்பெல்லருக்கு நடுவே ஒரே சுக்கான். புரொப்பெல்லர் தள்ளும் தண்ணீர் அதன்மேல் நேராகப் படாததால் மெதுவாகத்தான் திரும்பும். நிஜக் கப்பலுக்கும் திரும்பும் வட்டம் பெரிது என்ற குறை இருந்தது. மாடலில் சுக்கானைக் கொஞ்சம் பெரிதாக வெட்டிக்கொண்டால் குற்றமில்லை. தண்ணீருக்குள் இருப்பதை யார் அளக்கப்போகிறார்கள்? இரு பக்கமும் 35 டிகிரி திரும்பினால் போதும். அதற்கு மேல் போனால் அது சுக்கானாக இல்லாமல் பிரேக்காகத்தான் வேலை செய்யும்.

6. மோட்டாரும் மின் இணைப்பும்

வேகத்தை முதலில் முடிவு செய்யுங்கள். நிஜ வேகத்தை 96-ஆல் வகுக்கக் கூடாது, 96-இன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். அப்போதுதான் மாடல் எழுப்பும் அலை நிஜக் கப்பலின் அலை போலிருக்கும். ஃபிளெட்சரின் 36 நாட் என்பது நொடிக்கு 18.5 மீட்டர். 9.8-ஆல் வகுத்தால் நொடிக்கு 1.9 மீட்டர், அதாவது ஒருவர் வேகமாக நடக்கும் வேகம். இதற்குப் பந்தயப் படகு மோட்டார் தேவையில்லை. 7.2 வோல்ட்டில் மெதுவாகச் சுற்றும் சாதாரண பிரஷ்டு மோட்டார்கள் இரண்டு போதும்.

மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்பீடு கன்ட்ரோலர் வாங்கும்போது படகுக்கானதா என்று பாருங்கள். கார்களுக்கானது முன்னேயிருந்து பின்னே மாறும்போது முதலில் பிரேக் போட்டுவிட்டு, அடுத்த முறைதான் ரிவர்ஸ் தரும். கரை நெருங்கும்போது அந்த ஒரு நொடித் தாமதம் கப்பலின் மூக்கை உடைக்கும்.

புரொப்பெல்லரைத் தண்ணீருக்குள் வைத்து, முழு வேகத்தில் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று மீட்டரில் பாருங்கள். கன்ட்ரோலர் அதைவிடத் தாராளமாக இருக்கட்டும். பாட்டரியின் பாசிட்டிவ் வயரில், அளந்த அளவுக்குச் சற்று மேலான ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். புரொப்பெல்லரில் பாசி சுற்றிக்கொண்டால் நின்ற மோட்டார் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். ஃபியூஸ் இல்லாவிட்டால் உருகுவது வயர்.

பிரஷ்டு மோட்டாரின் தீப்பொறி ரேடியோவைக் குழப்பும். 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் மூன்று: இரு முனைகளுக்கிடையே ஒன்று, ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டார் உடலுக்கு ஒவ்வொன்று. பல மோட்டார்களில் இவை உள்ளேயே இருக்கும்.

இரண்டு கன்ட்ரோலர் போடுகிறவர்கள் கவனிக்க: இரண்டுமே ரிசீவருக்கு (கப்பலுக்குள் சிக்னலைப் பெறும் கருவி) மின்சாரம் அனுப்பும் வகை என்றால், ஒன்றின் பிளக்கிலிருந்து சிவப்பு வயரை மட்டும் கழற்றி டேப் சுற்றிவிடுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று மோதினால் ரிசீவர் போய்விடும்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் போகாது. ரிசீவரையும் அதன் ஆன்டெனாவையும் நீர்க்கோட்டுக்கு மேலே, முடிந்தால் தளத்தின் அடிப்பக்கத்தை ஒட்டி வையுங்கள். சிக்னல் போனால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃபை இப்போதே அமைத்துவிடுங்கள். டிரான்ஸ்மிட்டரை (கையில் பிடிக்கும் ரிமோட்) அணைத்துப் பார்த்தால் அமைந்ததா என்று தெரிந்துவிடும். புரொப்பெல்லருக்குக் குறுக்கே கை இருக்க வேண்டாம்.

7. தொட்டியில் மிதக்க விடுவது

தளத்தை ஒட்டும் முன் இதைச் செய்தாக வேண்டும். பலர் தாண்டிப் போய், பிறகு பெயிண்ட் அடித்த கப்பலுக்குள் விரல் நுழையாத இடத்தில் ஈயம் வைக்கப் பார்க்கிறார்கள்.

வரைபடத்தைப் பார்த்து முன்முனை, நடு, பின்முனை மூன்றிலும் நீர்க்கோட்டைப் பென்சிலால் குறியுங்கள். மோட்டார், பாட்டரி, ரேடியோ எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்துக் குளியல் தொட்டியில் இறக்குங்கள். முதலில் ஷாஃப்ட் குழாய், சுக்கான் குழாய்ப் பக்கம் கசிவைப் பாருங்கள். டிஷ்யூ தாளை உள்ளே ஒற்றி வைத்தால் ஒரு சொட்டு வந்தாலும் காட்டிக்கொடுக்கும்.

அப்புறம் தளமும் மேற்கட்டும் செய்யப்போகும் பிளாஸ்டிக், உதிரிகள் எல்லாவற்றையும் பைகளில் போட்டு, அவை வரவேண்டிய இடத்துக்கு நேர்மேலே குறுக்குக் குச்சிகள் மேல் வையுங்கள். நோட்டில் எழுதிய எடைகள் இதற்குத்தான். இப்போது ஈயக் குண்டுகளைச் சின்னப் பைகளில் கட்டி, கீலை (ஹல்லின் அடி நடுக்கோடு) ஒட்டி வைத்துக்கொண்டே வாருங்கள். குறிக்கு 2 மி.மீ. குறைவாக நிற்கும்போது நிறுத்துங்கள். பெயிண்ட், கயிறு, பசை எல்லாம் அந்த இடைவெளியைச் சாப்பிட்டுவிடும். 1/96 ஃபிளெட்சரில் ஒரு மி.மீ. ஆழம் என்பது ஏறக்குறைய 110 கிராம்.

இதில் ஒரு சின்ன விஷயம் உண்டு. கடல்நீர் நன்னீரைவிட 2.5 சதவீதம் கனமானது. வரைபடத்தின் நீர்க்கோடு கடலுக்கானது, நாம் விடுவதோ குளத்தில். ஆக 2.8 கிலோ என்று கணக்குப் போட்ட கப்பல் நன்னீரில் அதே கோட்டில் நிற்க 70 கிராம் குறைவாக இருக்க வேண்டும். அரை மி.மீ. சமாச்சாரம்தான். ஆனால் 'கணக்கு சரி, கப்பல் மட்டும் ஏன் தாழ்ந்து நிற்கிறது' என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்களுக்கு இதுதான் பதில்.

கடைசியாகச் சாய்வுச் சோதனை. தள விளிம்பை விரலால் அழுத்தி விடுங்கள். சட்டென்று நிமிர்ந்து ஓரிரு முறை ஆடி நின்றால் நல்லது. சாய்ந்தபடியே யோசித்துவிட்டு மெல்ல எழுந்தால் மேலே கனம் அதிகம். இதற்கு ஈயத்தைக் கூட்டுவது மருந்தாகாது, ஏனென்றால் மொத்த எடைக்கு எல்லை உண்டு. மேலே உள்ளதைக் குறைக்க வேண்டும்: வெள்ளை உலோகப் பீரங்கிக் கோபுரங்களுக்குப் பதில் உள்ளீடற்ற பிளாஸ்டிக், கனமான பித்தளைக் கொடிமரத்துக்குப் பதில் மெல்லிய குழாய். பாட்டரியையும் கீலுக்கு இறக்கிவிடுங்கள்.

ஈயத்தை இப்போதே எப்பாக்ஸி ஊற்றி ஒட்ட வேண்டாம். பைகளாகவே இருக்கட்டும்.

8. தளம், திறப்புகள்

தளத்தை ஒட்டும் முன் ஒரு கேள்வி: உள்ளே எது கெட்டாலும் என் கை அங்கே போகுமா? பாட்டரி, மோட்டார், கப்ளிங், சுக்கான் சர்வோ (சுக்கானைத் திருப்பும் சின்ன மோட்டார்), கிரீஸ் குழாய் — ஒவ்வொன்றுக்கும் நிஜமாகவே கையை விட்டு, ஸ்க்ரூ டிரைவரோடு சேர்த்து முயன்று பாருங்கள். ஃபிளெட்சரில் நடுப்பகுதி மேற்கட்டு முழுவதையும் கழற்றும்படி செய்தால் பெரும்பாலானவற்றை எட்டலாம். சர்வோவுக்குப் பின்பக்க டெக்ஹவுஸின் (தளத்தின் மேல் உள்ள அறை) அடியில் இன்னொரு திறப்பு வேண்டும்.

ஒவ்வொரு திறப்பைச் சுற்றியும் 10 மி.மீ. உயரத்துக்குக் குறையாமல் விளிம்புச் சுவர் எழுப்புங்கள். மேற்கட்டு அதன்மேல் தொப்பி மாதிரி உட்கார வேண்டும். டிஸ்ட்ராயரின் தளம் தண்ணீரிலிருந்து அதிக உயரத்தில் இல்லை. திரும்பும்போது தளத்தில் தண்ணீர் ஏறும், அது சகஜம். சுவர் இருந்தால் ஏறிய தண்ணீர் வழிந்து போய்விடும்.

தளம் மரப்பலகை என்றால் அடிப்பக்கத்துக்கும் வார்னிஷ் அடியுங்கள். மேல்பக்கம் மட்டும் பூசிய பலகை ஈரம் குடித்து வளையும்.

முன்முனையிலும் பின்முனையிலும் இனி கை போகாத மூலைகள் இருக்கும். மூடும் முன் நுரைக் கட்டைகளை அங்கே அடைத்துவிடுங்கள். ஒரு லிட்டர் நுரை ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். கப்பல் நிரம்பினாலும் குளத்தின் அடிக்குப் போகாமல் மூக்கையாவது காட்டும்.

9. மேற்கட்டு

பாலம் (கப்பலை நடத்தும் மேல் அறை), புகைபோக்கி, டெக்ஹவுஸ்களுக்கு இங்கே அதிகம் சொல்லத் தேவையில்லை. கிட் வரைபடமே சொல்லும். கூரையை ஒட்டும் முன் மூலைகள் செங்கோணமா என்று பாருங்கள், பெரிய சுவர்களுக்கு உள்ளே குறுக்குத் தாங்கி வையுங்கள். முழுதாக அடைத்த பெட்டியில் ஒரு சின்னக் காற்றுத் துளை விடுங்கள். வெயிலில் உள்ளே காற்று விரிந்து சுவர் உப்பிவிடும்.

எதை எதோடு ஒட்டுவது என்பதைப் பெயிண்ட்தான் முடிவு செய்ய வேண்டும். பீரங்கி, டார்பிடோ குழாய், படகு, கொடிமரம், கைப்பிடிக் கம்பி எதையும் இப்போது ஒட்டக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு கம்பி முள் வைத்து, தளத்தில் துளை போட்டு, சரியாக உட்காருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தனியே வையுங்கள். எல்லாவற்றையும் ஒட்டிவிட்டு அடித்தால் பீரங்கியின் அடியில் பிரஷ் போகாது.

10. பெயிண்ட்

முதலில் ப்ரைமர். சாம்பல் நிற ப்ரைமரை மெல்லிய இரண்டு கோட்டாக அடியுங்கள். அதுவரை தெரியாத கீறல், பசைக் கறை, தையல் எல்லாம் அப்போது வெளியே வரும். பட்டி வைத்து, 800 தாளால் தேய்த்து, அந்த இடத்துக்கு மட்டும் மீண்டும் ப்ரைமர். நிறம் போட்டால் மறைந்துவிடும் என்று விடுவது இந்தக் கட்டத்தின் தவறு. நிறம் குறையை இன்னும் எடுத்துக்காட்டும்.

ஸ்ப்ரே கேன் என்றால் 20 முதல் 25 செ.மீ. தூரத்தில் பிடியுங்கள். ஒவ்வொரு வீச்சும் கப்பலுக்கு வெளியே தொடங்கி வெளியே முடிய வேண்டும். கப்பலின் மேலேயே பட்டனை அழுத்தினால் அந்த இடத்தில் துப்பும், நிறுத்தினால் வழியும். மழை ஈரம் உள்ள நாளில் லாக்கர் அடித்தால் வெள்ளை மூட்டம் படியும். அடுத்த நாள் அடியுங்கள். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் தீ இருக்கக் கூடாது.

எதன்மேல் எதை அடிக்கலாம் என்பதில் ஒரு விதி: லாக்கரின் மேல் எனாமலோ அக்ரிலிக்கோ அடிக்கலாம், எனாமலின் மேல் லாக்கர் அடித்தால் அடியில் உள்ளது சுருங்கித் தோலாகும். சந்தேகம் இருந்தால் பழைய பிளாஸ்டிக் கரண்டியில் அடித்துப் பாருங்கள்.

நீர்க்கோடு வரைவதற்கு ஹல்லின் பக்கத்தில் ஸ்கேலை வைத்து அளக்காதீர்கள். ஹல் முன்னால் விரிந்தும் பின்னால் குறுகியும் இருப்பதால் அந்த அளவு ஏமாற்றும். மட்டமான மேசையில் ஸ்டாண்டோடு வைத்து, இரு முனைக் குறிகளும் மேசையிலிருந்து ஒரே உயரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். ஒரு மரக்கட்டையில் பென்சிலை அந்த உயரத்தில் கட்டி, கட்டையை மேசையில் நகர்த்திக்கொண்டே ஹல்லைச் சுற்றி வாருங்கள். பென்சில் தொட்ட இடம்தான் நீர்க்கோடு.

அடியில் சிவப்பு, நீர்க்கோட்டை ஒட்டிக் கருப்புப் பட்டை, மேலே உங்கள் நிறத் திட்டத்தின் நிறம்; இங்கே சாம்பல் என்று வைத்துக்கொள்வோம். பட்டைக்கு இரண்டு பக்கமும் தனித்தனியாக டேப் ஒட்டிக் கடைசியில் கருப்பு அடிப்பவர்கள் உண்டு. அதைவிடச் சுலபமான வழி, கருப்பை முதலில் அடிப்பது. பட்டை வரும் இடத்தில் தாராளமாகக் கருப்பு அடித்துக் காயவிடுங்கள். பட்டையின் அகலத்துக்கே டேப்பை வெட்டி ஹல்லைச் சுற்றி ஒட்டுங்கள். மேல்பாதியைக் காகிதத்தால் மூடிக் கீழே சிவப்பு; அது காய்ந்ததும் கீழ்பாதியை மூடி மேலே சாம்பல். அந்த ஒரே டேப்பை உரித்தால் இரு ஓரமும் கத்தி போல வந்திருக்கும்.

டேப்பின் ஓரத்தை நகத்தால் அழுத்திவிட்டு, புதிய நிறத்துக்கு முன் அடியில் உள்ள நிறத்தையே ஓரத்தில் ஒரு மெல்லிய கோட் அடியுங்கள். கசிந்தால் அதே நிறம்தான் கசியும். ஓரம் அடைபட்டுவிடும், அடுத்து வரும் நிறம் உள்ளே போகாது. உரிக்கும்போது டேப்பை அதன் மேலேயே மடக்கி, ஹல்லை ஒட்டினாற்போல் மெதுவாக இழுங்கள். நேர்மேலே இழுத்தால் பெயிண்டும் கூட வரும். டேப்பை நாள்கணக்கில் விட்டுவைக்க வேண்டாம்.

நிறத் திட்டத்தை ஆண்டு பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஒரே கப்பல் போருக்குள்ளேயே பல முறை நிறம் மாறியிருக்கும். ஃபிளெட்சர்களில் சுலபமானவை இரண்டு ('மெஷர்' என்பது அமெரிக்கக் கடற்படை நிறத் திட்டங்களுக்கு வைத்த பெயர்). மெஷர் 21-இல் நிமிர்ந்த பரப்பெல்லாம் நேவி ப்ளூ, கிடைமட்டப் பரப்பு டெக் ப்ளூ. மெஷர் 22-இல் ஹல்லின் கீழ்ப்பகுதி நேவி ப்ளூ, அதற்கு மேலே ஹேஸ் கிரே, தளம் டெக் ப்ளூ. இதில் நீலமும் சாம்பலும் சந்திக்கும் கோட்டைத் தள விளிம்பின் வளைவோடு கொண்டுபோவது அடிக்கடி காணும் பிழை. அந்தக் கோடு தளம் மிகத் தாழ்ந்திருக்கும் புள்ளியிலிருந்து நீர்க்கோட்டுக்கு இணையாக, நேராகப் போக வேண்டும். பென்சில் கட்டையை மறுபடி எடுங்கள், உயரத்தை மட்டும் மாற்றுங்கள்.

டப்பாவில் உள்ள நிறம் சரியானதாகவே இருந்தாலும் மாடலில் கொஞ்சம் இருண்டு தெரியும். நிஜக் கப்பலைத் தூரத்திலிருந்துதான் பார்க்கிறோம். இடையில் உள்ள காற்று நிறத்தை வெளுப்பாக்குகிறது. ஆகவே வெளிர் சாம்பல் சிறிதளவு கலந்துகொள்வது என் வழக்கம். சுத்தக் கருப்பையும் தவிர்த்துவிடுவேன், மிக அடர்ந்த சாம்பலே கருப்பாகத் தெரியும். இதில் ஆளுக்கொரு கருத்து உண்டு.

11. டெக்கால், உதிரிகள், கயிறு

மேட் (பளபளப்பில்லாத) பரப்பின் மேல் நேராக டெக்கால் (எண், எழுத்து அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படம்) ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி மாதிரி மின்னும். முதலில் பளபளக்கும் வார்னிஷ், அதன்மேல் டெக்கால், காய்ந்ததும் மேட் வார்னிஷ். மேட் வார்னிஷை மறந்தால் கப்பல் பொம்மை போலத் தெரியும்.

அடித்து வைத்த உதிரிகளை நடுவிலிருந்து வெளியே, கீழிருந்து மேலே என்ற வரிசையில் ஒட்டுங்கள். கைப்பிடிக் கம்பிகள் கடைசி. முதலில் வைத்தால் அடுத்த வேலை முழுவதும் சட்டைக் கை அதில்தான் மாட்டும்.

கொடிமரக் கயிறுகளுக்குச் சாதாரண நூல் வேண்டாம். ஈரத்தில் தளர்ந்து தொங்கும், ஒரு முறை கை பட்டால் மரத்தையே சாய்த்துவிடும். மீள்தன்மையுள்ள மெல்லிய நூல் இழுபட்டுத் திரும்பும். கழற்றும் பகுதிக்கும் நிலையான தளத்துக்கும் குறுக்கே போகும் கயிற்றின் ஒரு முனையில் சின்னக் கொக்கி வையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் மறுபடி தொட்டி. ஈயப் பைகளை நகர்த்தி நீர்க்கோட்டைச் சரிசெய்து, இப்போது அசையாதபடி பொருத்துங்கள்.

12. முதல் ஓட்டம்

காற்றில்லாத நேரம், பாசி இல்லாத சின்னக் குளம், உப்பில்லாத தண்ணீர். முதலில் டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்யுங்கள், பிறகு கப்பலை, அணைக்கும்போது தலைகீழாக. கப்பலைக் கரையில் வைத்தபடி தூரம் நடந்து போய், சுக்கான் கட்டளைக்குக் கீழ்ப்படிகிறதா என்று பாருங்கள்.

தண்ணீரில் விட்டதும் கரையை ஒட்டியே மெதுவாக ஓட்டி, நேராகப் போகும்படி டிரான்ஸ்மிட்டரில் சுக்கானின் டிரிம்மைச் சரிசெய்யுங்கள். ஐந்து நிமிடத்தில் கரைக்கு வரவழைத்துத் திறந்து பாருங்கள். மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியாத சூடு என்றால் புரொப்பெல்லர் பெரிது அல்லது ஷாஃப்ட் எங்கோ உரசுகிறது. தண்ணீர் இருந்தால் எங்கிருந்து வந்தது என்று அங்கேயே கண்டுபிடியுங்கள். பின்பக்கம் மட்டும் ஈரம் என்றால் ஷாஃப்ட் குழாய் அல்லது சுக்கான் குழாய், திறப்புக்கு நேர்கீழே என்றால் விளிம்புச் சுவர்.

முழு வேகத்தில் சட்டென்று திருப்புவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் பாதிச் சுக்கானில் தொடங்கி. லிப்போ (லித்தியம் பாலிமர்) பாட்டரி என்றால் ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடக் கூடாது. கன்ட்ரோலரில் அதற்கான கட்-ஆஃப் இல்லாவிட்டால் சின்ன அலாரம் ஒன்றை மாட்டுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டரியைக் கழற்றுங்கள், மேற்கட்டைத் தூக்கி ஓரமாக வையுங்கள், உள்ளே துணியால் ஒற்றிவிட்டு இரவு முழுதும் திறந்தே காயவிடுங்கள். மூடிய ஹல்லுக்குள் தங்கும் ஈரம் சர்வோவையும் மோட்டார் பேரிங்கையும் துருப்பிடிக்க வைக்கும். கிரீஸ் குழாயில் புதுக் கிரீஸை அழுத்தி, பின்முனையில் சுத்தமாக வெளிவரும் வரை தள்ளுங்கள். வெளிவருவது வெள்ளையாகக் குழம்பி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, இன்னும் தள்ளுங்கள்.